இடப்பக்கம், ஆறு ஏழு எட்டு

மருத்துவக் குறிப்பு என்று
படிவத்தில் மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
ஆளை அதற்குள் மடித்து
பிரகான்சாவுக்கு அனுப்ப வேண்டும்.
எங்கள் மலையூரில் எக்ஸ்ரே கிடையாது.
இருப்பது நான், என் ஸ்டெதாஸ்கோப்,
பதிவு மேசையில் தெயொலிந்தா,
வியாழன்தோறும் போய்வரும் பேருந்து.

காலையில் முதல் ஆள் அதெரித்து.
வாதாம் தோப்பிலிருந்து நேரே,
இடுப்பைப் பிடித்தபடி, பூட்ஸில் ஈரமண்.
"ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாமே டாக்டர்,
மச்சினனுக்கு எடுத்தார்கள்."
குனியச் சொன்னேன். குதிகாலால் நடக்கச் சொன்னேன்.
காலைத் தூக்கி, சுண்டுவிரல் வரை
உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுக் கேட்டேன்.
படம் வேண்டாம்.
அறுபத்திரண்டு வயது முதுகெலும்பு
எப்படியும் தேய்ந்துதான் இருக்கும்;
அந்தத் தேய்மானத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால்
நாளையிலிருந்து கண்ணாடிச் சாமான் போல நடப்பீர்கள்.
அவர் நம்பவில்லை.
எழுதித் தராத டாக்டர் கஞ்ச டாக்டர்.
கதவை அவர் அறைந்து சாத்தியதில்
முதுகு அவ்வளவு மோசமில்லை என்று தெரிந்தது.

அப்புறம் சுல்மீரா.
ஏழு வாரமாக இருமல்.
டிசம்பரில் பன்றி அறுத்ததிலிருந்து
புகைவீடே கதி;
மேலே கம்பு கம்பாய்த் தொங்கும் சாசேஜ்,
கீழே ஓக் விறகு.
அவள் கோட்டைத் திறந்ததும்
என் அறை ஒரு சமையலறை ஆனது.
முதுகில் காது வைத்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.
மூன்று வரி நிரப்பினேன்:
வயது ஐம்பத்து நான்கு. விறகுப் புகை. எடை குறையவில்லை.
காசம்? கட்டி?
கேள்விக்குறி போடும்போது
இடது கையால் மறைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து வந்தாள்.
உறையை நோயாளியே சுமந்து வருவது இங்கே வழக்கம்.
பிரித்து, மறுபடி ஒட்டியிருந்தது.
டேப் கோணல்.

ஒரு நாளைக்கு எழுபது நெஞ்சு பார்க்கிற
யாரோ முகம் தெரியாத கதிரியல் மருத்துவர்
எழுதியிருந்தார்:
நுரையீரல் தெளிவு. இதயம் அளவில் சரி.
பிறகு, போகிற போக்கில்:
இடப்பக்கம் ஆறு, ஏழு, எட்டாம் விலா எலும்புகளில்
பழைய முறிவுகள். கூடியவை.
வெவ்வேறு காலத்தவை.

வெவ்வேறு காலத்தவை.

பதினோரு வருடமாக நான் இவளுடைய டாக்டர்.
ரத்த அழுத்தம் குறித்திருக்கிறேன்,
கொழுப்பு, சர்க்கரை,
ஃப்ளூ ஊசி போட்ட தேதிகூட இருக்கிறது.
இந்த மூன்று எலும்பும் எந்தப் பக்கத்திலும் இல்லை.
நான் நுரையீரலைப் பற்றித்தான் கேட்டிருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே
காருக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு அவள் கணவன்.
போன குளிர்காலத்தில்
பனியில் நின்று என் டயரை மாற்றித் தந்தவன்.
காசு வாங்கவில்லை.

"நுரையீரல் சுத்தம்" என்றேன்.
"படித்தேன்" என்றாள்.
"முழுசாகவா?"
"பேருந்தில் வெளிச்சம் போதவில்லை."
படத்தை விளக்குப்பெட்டியில் மாட்டினேன்.
இருட்டில் வெள்ளை வளையங்கள்,
மூன்றில் மட்டும் முடிச்சு விழுந்தது போல.
அவள் அதைப் பார்க்கவில்லை, விளக்கின் சுவிட்சைப் பார்த்தாள்.
"கழுதை" என்றாள், நான் கேட்காமலே.
"உதைத்துவிட்டது."

இந்த வட்டாரத்தில் கழுதைகள் உண்டு. நல்ல ஜாதி.
அவர்கள் வீட்டில் வளர்த்ததாக
எனக்கு ஞாபகம் இல்லை.
மூன்று முறையா என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்டிருந்தால்
உறையை எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

தெயொலிந்தாவைக் கூப்பிட்டேன்.
காரில் இருப்பவரிடம் போய்ச் சொல்லு,
இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி,
நேரமாகும், காபி குடித்துவிட்டு வரட்டும்.
பொய் என்று தோன்றவில்லை.
விளக்குப்பெட்டியை அணைத்துவிட்டு
நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டேன்.

சுல்மீரா கோட்டைக் கழற்றவும் இல்லை, எழவும் இல்லை.
மேலிருந்து இரண்டாவது பொத்தானில்
விரல் வைத்திருந்தாள்.
வெளியே
இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.